ஏழாம் மாதத்து நகங்கள்

செல்லாத்தாவின் பத்து நகங்களும் நுனியில் மயில்நீலமாகவும் அடியில் துருப்பிடித்த ஆணியின் நிறமாகவும் இருந்தன. வளைகாப்பு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு வெள்ளி.

"கையை முந்தானைக்குள்ள வெச்சுக்க கண்ணு. யாராச்சும் பாத்துடப் போறாங்க" என்றாள் மாமியார் மிதுனா.

திருப்பூரில் ஆஃப்ரினின் நகநிலையத்துக்கு இரண்டு கதவுகள் உண்டு. முன்கதவு கண்ணாடி. கல்லூரிப் பெண்களும் மாப்பிள்ளைப் பையன்களும் அதன் வழியாகச் சிரித்துக்கொண்டே வந்து போவார்கள். பின்கதவு சந்துக்குள் இருந்தது. மாமியார்கள் பின்கதவைத்தான் தட்டுவார்கள். மிதுனாவும் அதைத்தான் தட்டினாள், யாரோ துரத்திக்கொண்டு வருவது மாதிரி.

மாமியாருக்கு மிதுனா என்றும் மருமகளுக்குச் செல்லாத்தா என்றும் பெயர் இருப்பது கண்டு யாரும் குழம்ப வேண்டாம். பழைய பெயர்கள் மறுபடி பாணியாகிவிட்ட காலம் அது. ஊரில் பாதி இளம்பெண்கள் ஆத்தாக்கள், மீதிப் பாதி அம்மாள்கள். மிதுனா, நிவேதா, ஹர்ஷினி எல்லாம் ஐம்பதைத் தாண்டி மூட்டுவலித் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆஃப்ரின் கதவைத் திறந்து இருவரையும் உள்ளறைக்கு அழைத்துப் போனாள். செல்லாத்தாவின் கையை மேசைமேல் விரித்து வைத்துப் பெருக்கிக் காட்டும் கண்ணாடியைச் சாய்த்தாள். நகத்தைப் பார்க்கும் முன் நகத்தின் ஓரத்தைத்தான் பார்த்தாள். அவள் தொழில்புத்தி அப்படி.

"எண்ணெய் வெக்கறதே இல்லீங்களா? ஓரமெல்லாம் காஞ்சு கெடக்குது. தெனமும் படுக்கறப்போ ரெண்டு சொட்டு வேருல தேய்ங்கன்னு சொன்னனில்ல. டப்பா மூடியை நகத்துல நெம்பறது வேற. இதோ, இந்த வெரலு கீறிப்போயிருக்குது."

"அவ ஒரு டப்பாவையும் தொறக்கறதில்ல. நாந்தான் தொறந்து குடுக்கறேன்" என்றாள் மிதுனா அவசரமாக.

"அத்தை, நேத்து ஊறுகா பாட்டிலை நாந்தானுங்க தொறந்தேன்."

"ஏன் கண்ணு, என்னைக் கூப்புட்டிருக்கலாமில்ல?" மிதுனாவின் குரல் உடைந்தது. ஊறுகாய்ப் பாட்டிலுக்காகக் கண் கலங்குகிற மாமியாரை அந்த ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் அந்த வருடங்களில் அப்படிப்பட்டவர்கள் நிறையப்பேர் உருவாகிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் வளர்பூச்சின் வேலை.

முன்பெல்லாம் நகப்பூச்சை மேலே பூசினார்கள். பார்லரில் பாதி நாள் உட்கார்ந்து விளக்கில் காய வைத்து வந்தாலும் இரண்டு மூன்று வாரத்தில் அடியில் வெறும் நகம் எட்டிப் பார்க்கும். பொறுமை கெட்டவர்கள் பிய்த்து எடுப்பார்கள். நகத்தின் மேல்தோலும் கூடவே வரும். இந்த எரிச்சலைப் போக்கத்தான் வளர்பூச்சைக் கண்டுபிடித்தார்கள். நகம் முளைக்கிற வேரில் ஒரு துளி விதைத்து உறைவிளக்கில் காட்டிவிட்டால் போதும், நகத்தோடு சேர்ந்து பூச்சும் வளரும். உரியாது, வெளுக்காது. எண்ணெய் வைத்து, பாத்திரம் கழுவும்போது கையுறை போட்டுக்கொண்டால் ஆயுசுக்கும் இருக்கும்.

ஒரே ஒரு சிக்கல். ரத்தத்தில் பதற்றச்சுரப்பு கூடினால் வேரில் பூச்சின் நிறம் மாறியது. கண்டுபிடித்தவர்கள் இதைக் கோளாறு என்று நினைத்துக் கலங்கிப்போனார்கள். விற்பனைப் பிரிவினர் துள்ளிக் குதித்தார்கள். நிம்மதியான வாரம் என்றால் நீலம், மனக்கஷ்டமான வாரம் என்றால் துரு. நகம் வேரிலிருந்து நுனிவரை வளர ஏறக்குறைய ஆறு மாதம் ஆகிறது. ஆக, விரலைப் பார்த்தால் ஆளின் அரை வருடம் தெரியும். "வாய் மறைத்தாலும் விரல் சொல்லும்" என்று விளம்பரம் வந்தது. பச்சையும் காவியும், ரோஜாவும் சாம்பலும் என்று ஜோடி நிறங்களில் விற்றார்கள். ஜனங்கள் நீலமும் துருவும்தான் கேட்டு வாங்கினார்கள். அதைத்தான் தூரத்திலிருந்தே படிக்க முடிந்தது.

அதற்கப்புறம் நடந்ததற்குக் கம்பெனியைக் குறை சொல்ல முடியாது. வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் கையைக் காட்டச் சொன்னார்கள். பெண் பார்க்கப் போனவர்கள் பஜ்ஜியை மறந்து மாப்பிள்ளையின் விரலைப் பார்த்தார்கள். வளைகாப்பு இருக்கிறதே, அதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமையாகிப்போனது. வளையல் அடுக்கக் கையை நீட்டித்தானே ஆக வேண்டும்? ஏழாம் மாதத்தில் நீட்டுகிற கையில் இருப்பது முழுக்க முழுக்கப் புகுந்த வீட்டில் முளைத்த நகம். சந்தனம் பூசுகிற சாக்கில் வந்த பெண்கள் எல்லோரும் அதைப் படித்தார்கள். நீலமாக இருந்தால் பிரசவம் முடிந்து பெண் திரும்பி வருவாள். துருவாக இருந்தால், கூட்டிப் போனவர்கள் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

செல்லாத்தாவின் அம்மா நிவேதா நிச்சயதார்த்தத்திலேயே சபையில் சொல்லிவிட்டாள்: "ஏழாம் மாசம் நகத்தைப் பாத்துட்டுத்தான் எம்பொண்ணை மறுபடி அனுப்பறதா வேண்டாமான்னு முடிவு பண்ணுவோம்." பெருமாநல்லூர்ப் பக்கம் நிவேதா சொன்னால் சொன்னதுதான்.

மிதுனா முதன்முதலில் துருவைக் கவனித்தது நாலாம் மாதம். அன்றிலிருந்து அவள் அந்த வீட்டில் வேறு ஆளாகிவிட்டாள். வாய்க்கு வந்தபடி பேசுகிற பழக்கத்தை விட்டாள். காற்று வரும் அறையை மருமகளுக்குக் கொடுத்தாள். செல்லாத்தாவின் புருசனான மகன் சின்னச்சாமியின் கையில் கையுறையை மாட்டிப் பாத்திரம் கழுவ வைத்தாள். தினமும் காலையில் பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன வருத்தம் சாமி, எங்கிட்டச் சொல்லு" என்று கேட்டாள். மறு வாரம் துரு இன்னும் கொஞ்சம் கறுத்திருந்தது. விதவிதமாகச் சமைத்துப் போட்டாள். இன்னும் கறுத்தது. தான் நல்லவளாக ஆக ஆக மருமகள் வாடுகிறாளே என்று அவள் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். அவளுக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். மகள் இல்லை. செல்லாத்தா வந்த பிறகுதான் அந்த வீட்டில் அவளோடு பேச ஆள் கிடைத்தது. அவளை இழந்துவிடக் கூடாது, அவ்வளவுதான் மிதுனாவுக்கு வேண்டியது.

"உங்களுக்கு என்னதான் வருத்தமுங்க?" என்று ஆஃப்ரின் சாதாரணமாகக் கேட்டாள். துருவை மூடி மறைக்கும் போர்வைப்பூச்சின் குப்பியைக் குலுக்கிக்கொண்டிருந்தாள்.

செல்லாத்தா தன் விரல்களைப் பார்த்தாள். "தெரியிலீங்க்கா. நான் நல்லாத்தான் இருக்கறேன்னு நெனைக்கறேன். ஆனா நகம் இப்பிடிச் சொல்லுதே. எனக்கே தெரியாம எனக்குள்ள ஏதோ துக்கம் இருக்குதோ என்னமோ. ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பாக்கறேன், ஒண்ணும் அகப்பட மாட்டீங்குது."

அவள் ஒரு சாயப்பட்டறையில் நிறப் பரிசோதனை செய்கிறவள். நூறு நீலங்களைப் பெயர் சொல்லிப் பிரிப்பாள். தன் மனசைப் பற்றி மட்டும் நகத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்கிற நிலைக்கு வந்திருந்தாள். அவள் மட்டுமல்ல, ஊரே அப்படித்தான் இருந்தது.

ஆஃப்ரின் வேலையைத் தொடங்கினாள். முதலில் ஒரு மெல்லிய அடிப்பூச்சு, அதன்மேல் நுனியில் இருக்கும் நீலத்தோடு ஒத்துப்போகிற நீலம், உறைவிளக்கு, மறுபடி ஒரு பூச்சு. "இது நாலு நாளைக்குத்தானுங்க. அதுக்கப்பறம் இங்கயே வந்து ஊற வெச்சுத்தான் எடுக்கோணும். வீட்ல உரிச்சீங்கன்னா எல்லாம் பிஞ்சு வந்துரும்" என்று எச்சரித்தாள். எட்டு விரல்கள் முடிந்தன. துரு மறைந்து, செல்லாத்தாவின் கை உலகத்திலேயே சந்தோஷமான கையாகிவிட்டது. மிதுனா மூச்சு விட்டாள்.

அப்போது பின்கதவு தட்டப்பட்டது. ஆஃப்ரின் திடுக்கிட்டாள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளக் கூடாதென்று அவள் தள்ளித் தள்ளித்தான் நேரம் கொடுப்பாள். யாரோ முன்கூட்டியே வந்துவிட்டார்கள். அவள் எழுவதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு, முகத்தைத் துணியால் மூடிய ஓர் அம்மாள் உள்ளே வந்தாள். பின்னால் வயிறு பெருத்த ஒரு பெண், இந்த வெயிலில் கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு.

"சித்தெ வெசையாப் பண்ணிக் குடு அம்மிணி, நாங்க பெருமாநல்லூர் போகோணும்" என்றபடி அந்த அம்மாள் துணியை விலக்கினாள்.

நிவேதா.

செல்லாத்தாவின் அம்மா. மிதுனாதான் முதலில் பேசினாள். எந்த ஆபத்திலும் கொங்குநாட்டு வாய் தானாகச் சொல்கிற வார்த்தை அது.

"வாங்க சம்பந்தியம்மா."

"வந்தனுங்க" என்றாள் நிவேதாவும், அதே பழக்கத்தில். பிறகுதான் அவள் கண் மேசைக்குப் போனது. விளக்குக்கு அடியில் மகளின் கை. எட்டு விரல் நீலம். மிச்சம் இரண்டு விரலில் துரு, அப்பட்டமாக.

"என்னது இது? எம்பொண்ணு கையில என்ன இது? அத்தனை பேர் முன்னால நான் சொல்லலீங்களா?" நிவேதாவின் குரல் ஏறியது. "ஏனுங்க, என்ற புள்ளைய என்ன பாடு படுத்துனீங்க?"

மூன்று மாதமாக மிதுனா தன்னிடமே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. ஆனால் அவள் பார்வை நிவேதாவுக்குப் பின்னால் நின்ற பெண்மேல் விழுந்தது. அது பழனியம்மாள், நிவேதாவின் மருமகள், செல்லாத்தாவின் அண்ணி. ஆறாம் மாதம்.

"சம்பந்தியம்மா, உங்க மருமகளுக்குக் கையில என்னுங்க? குளுருதா?"

பழனியம்மாள் மாமியாரைப் பார்த்தாள், பிறகு தானாகவே கையுறைகளைக் கழற்றி மேசைமேல் கையை வைத்தாள். நுனியில் நீலம், அடியில் துரு. நாத்தனாரின் விரலுக்குப் பக்கத்தில் வைத்தபோது இரண்டும் ஒரே துணியில் வெட்டினது மாதிரி இருந்தன.

நிவேதா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "ஞாயித்துக்கெழமை உங்க வீட்டு விசேசத்துக்குக் கூட்டிட்டு வரோணுமே. வந்தவங்க பாத்தா என்னைப் பத்தி என்ன பேசுவாங்க? நான் நல்லாத்தான் பாத்துக்கறேன், சத்தியமாப் பாத்துக்கறேன். என்ன குறைன்னே தெரியில." வாய்க்கு அஞ்சாத நிவேதா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஒரு நிமிடத்துக்கு முன் அவளை அடித்துவிடலாமா என்று நினைத்த மிதுனா பக்கத்தில் போய் அவள் முதுகைத் தடவினாள். வேறென்ன செய்வது?

செல்லாத்தா தன் கையையும் அண்ணியின் கையையும் கண்ணாடிக்கு அடியில் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகைச் சத்தம் அவள் காதில் விழவேயில்லை. "ஆஃப்ரின் அக்கா, பின்கதவுல வர்றவங்க எல்லாம் யாருங்க?"

"பேரு சொல்ல மாட்டனுங்க."

"பேரு வேண்டாம். எல்லாரும் மாசமா இருக்கறவங்களா?"

ஆஃப்ரின் யோசித்தாள். "ஆமாங்க. அத்தனை பேருமே. ஒவ்வொருத்தரும் எங்க வீட்ல மட்டுந்தான் இப்பிடின்னு அழுவாங்க. வெளிய சொல்ல மாட்டேன்னு சத்தியம் வாங்கிக்குவாங்க. ஊர்ல இத்தனை வீட்ல கொடுமை நடக்குதான்னு நானே நொம்ப வருத்தப்பட்டிருக்கறேன்."

"துரு எங்க ஆரம்பிக்கும்?"

"மூணாம் மாசம், நாலாம் மாசம்…" ஆஃப்ரினின் கை வாய்க்குப் போனது.

"கம்பெனிக்காரங்க இந்த நெற அளவை யாரை வெச்சு எடுத்தாங்க?" என்று கேட்டபடியே செல்லாத்தா தன் கைப்பேசியில் தேடினாள். கம்பெனியே பெருமையாக வெளியிட்டிருந்தது: அலுவலகம் போகும் ஆரோக்கியமான இளைஞர்கள். அவர்களில் ஒருத்திகூடக் கர்ப்பிணி இல்லை. இன்னொரு பக்கத்தில் மருத்துவர்கள் எப்போதோ எழுதிவைத்தது இருந்தது: கர்ப்பத்தில் பதற்றச்சுரப்பு தானாகவே பல மடங்கு ஏறும், குழந்தை வளர அது தேவை. இரண்டையும் யாரும் சேர்த்துப் படிக்கவில்லை.

"பருத்திக்குப் போட்ட நெற அட்டையப் பாலியஸ்டருக்கு வெச்சுப் பாத்திருக்கறாங்க" என்றாள் செல்லாத்தா. "எங்க பட்டறையில இப்பிடிப் பண்ணுனா வேலைய விட்டே தூக்கிருவாங்க. அத்தை, அழுகாதீங்க. இது வருத்தமில்லீங்க. இது கொழந்தைங்க."

இரண்டு சம்பந்திகளும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். சிரிப்பா அழுகையா என்று அவர்களுக்கே தெரியவில்லை.

"அப்போ நான் ஒண்ணுமே பண்ணலியா?" என்றாள் நிவேதா.

"நானும் ஒண்ணும் பண்ணலீங்க சம்பந்தியம்மா!" மிதுனாவுக்கு மூன்று மாதப் பாரம் இறங்கியிருந்தது. "இப்பவே கம்பெனிக்குச் சொல்லி அளவைத் திருத்தச் சொல்லோணும். நாளையிலருந்து எல்லாப் புள்ளைங்களுக்கும் நீலமா வரட்டும்."

"வேண்டாமுங்க."

சொன்னது பழனியம்மாள். நிவேதா திரும்பிப் பார்த்தாள்.

"கல்யாணமாகி மூணு வருசத்துல, சாப்பிட்டியான்னு ஒரு நாள் நீங்க என்னைக் கேட்டதில்லீங்க அத்தை. துரு வந்த பொறகு தெனமும் கேக்கறீங்க. நீலமாயிருச்சுன்னா மறுபடி யாரு கேப்பாங்க?"

நிவேதாவின் முகம் விழுந்துவிட்டது. மிதுனா அவசரமாகத் தன் மருமகளைப் பார்த்தாள். "நான் அப்பிடியில்லையே கண்ணு? துரு இல்லீன்னாலும் நான் கேப்பேனில்ல?"

செல்லாத்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "கேப்பீங்க அத்தை. இப்போ கேப்பீங்க. பக்கத்து வீட்ல கேப்பாங்களா?"

கம்பெனிக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. செல்லாத்தா ஆஃப்ரினிடம் எட்டு விரல்களையும் நீட்டி, பூசியதை ஊற வைத்து எடுத்துவிடச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் அவள் துருவோடு கையை நீட்டினாள். பக்கத்தில் பழனியம்மாளும் கையுறை இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். சந்தனக் கிண்ணத்தோடு வந்த முதல் பெண் பேச்சை மறந்து நின்றாள். பின்னாலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இதே ஊரில் நீல விரல்களைக் காட்டிவிட்டுப் போன பல வீட்டுக்காரிகள் தங்கள் மடியைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். கூட்டம் நிவேதாவின் வாயைப் பார்த்தது. நகம் துரு. பெண்ணைத் திருப்பி அனுப்ப மாட்டேன் என்று அவள் சொல்லப்போகிறாள்.

நிவேதா மகளுக்கு முன் உட்கார்ந்தாள். "செல்லாத்தா, பிரசவம் முடிஞ்சு நீ அந்த வீட்டுக்குத் திரும்பிப் போறியா?"

ரொம்ப வருடங்களாக யாரும் யாரிடமும் வாயால் கேட்காத கேள்வி அது. செல்லாத்தா பழக்கதோஷத்தில் தன் நகத்தைப் பார்த்தாள். பிறகு கையை மடியில் கவிழ்த்துக்கொண்டு யோசித்தாள். அவள் எவ்வளவு நேரம் யோசித்தாள் என்று கேட்டால் மிதுனா ஒரு யுகம் என்பாள்.

"போறேம்மா" என்றாள். "எனக்கு அந்த வீடு பிடிச்சிருக்குது. ஆனா ஒரு குறை இருக்குது. எல்லாரும் சாப்பிட்டு எந்திரிச்ச பொறகுதான் நானும் அத்தையும் உக்கார்றோம். கொழம்பு ஆறிப்போயிருது. அது எனக்குப் பிடிக்கல."

"இதை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல சாமி?" என்றாள் மிதுனா. "தெனமும் கேட்டனே!"

"போன வருசம் பூராவும் அப்பிடித்தானுங்க சாப்பிட்டோம். நகம் நீலமாவே இருந்துது. அதனால அது குறைன்னு எனக்கே தோணலீங்க அத்தை."

பந்தியில் அன்றைக்குப் பெண்கள் முதலில் உட்கார்ந்தார்கள். சின்னச்சாமி ரசம் ஊற்றினான். நன்றாகவே ஊற்றினான்.

செல்லாத்தா அம்மா வீட்டுக்குப் போன மறு வாரம், ஒரு மத்தியான வேளையில், மிதுனா தனியாக நகநிலையத்துக்கு வந்தாள். இந்த முறை கண்ணாடிக் கதவு வழியாக. உள்ளே ஆளில்லை என்று பார்த்துக்கொண்டு ஆஃப்ரினின் எதிரில் உட்கார்ந்து தன் கையை மேசைமேல் வைத்தாள். எந்தப் பூச்சும் இல்லாத, வெட்டி வெட்டிக் குறுகிப்போன நகங்கள். தூள்சோப்பு தின்ற விரல்கள்.

"எனக்கும் வெச்சுவிடு அம்மிணி."

"தாராளமா வெக்கலாமுங்க்கா. வேருல துளி வெச்சா ஆறு மாசத்துல முழுசா வளந்துரும். பாத்திரம் கழுவறப்போ மட்டும் கையுறை…"

"அது வேண்டாம். மேல பூசறயே, அது. துரு நெறத்துல." மிதுனா குரலைத் தாழ்த்தினாள். "வீட்ல ஆம்பளைங்கதான் இருக்கறாங்க. அவ போனதுலருந்து வீடு கம்முன்னு கெடக்குது. அவளை நான் தெனமும் கேட்டேன், என்ன வருத்தம்னு. என்னை யாராச்சும் கேட்டா நல்லாருக்கும்னு தோணுச்சு. அவ்வளவுதான்."

ஆஃப்ரினுக்கு இதுவரை துருவை மறைத்துத்தான் பழக்கம். பூசச் சொல்லி வந்த முதல் ஆள் இவள். கடைசி ஆளாக இருக்க மாட்டாள் என்று அவளுக்குப் பட்டது. மறுப்பதா என்று யோசித்தாள். பிறகு குப்பியை எடுத்து நிறத்தைக் கலந்தாள், தூரிகையை நனைத்தாள். தொழிலில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டாள்.

"துரு எந்த மாசத்துலருந்து வரோணுமுங்க்கா?"

மிதுனா நிஜமாகவே யோசித்தாள். "எனக்குக் கல்யாணமான மாசத்துலருந்து."

ஆஃப்ரின் அந்தக் குட்டை நகங்களைப் பார்த்தாள். "அவ்வளவு நீளத்துக்கு நகம் இல்லீங்களே அக்கா" என்றாள்.

குப்பியை மூடினாள். உறைவிளக்கை அணைத்தாள். நாற்காலியை மேசைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டு, மிதுனாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க்கா" என்றாள்.